ஈக்வடார் ஆண்டிஸ் மலையில பறவை பாக்கப் போறீங்களா? 10 நாளுக்கு முழு வழிகாட்டி

ஆண்டிஸ் போறேன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, எத்தனை ஸ்பீஷீஸ் கிடைக்கும்? நான் திருப்பிக் கேக்கறது, எந்த ராத்திரி எந்த உயரத்துல தூங்கப் போறீங்க? இதுக்கு பதில் தெரிஞ்சா பாதி டூர் பிளான் முடிஞ்ச மாதிரி. ஏன்னா அந்த மலையில 300, 400 மீட்டர் ஏறினா இறங்கினா பறவையே மாறிடும், அதே சமயம் நம்ம தலைக்கும் வயித்துக்கும் அந்த உயரம் ஒத்துக்கணும். முதல் தடவை போனப்ப எனக்கு பிளான் போட்டுக் குடுத்த டூர்காரங்க, இறங்கின மறுநாளே 4,000 மீட்டருக்கு கூட்டிட்டுப் போனாங்க. தலையைப் பிளக்குது, வாந்தி, பைனாகுலரைத் தூக்கக் கூட தெம்பில்ல. வண்டிக்கு வெளியில ஆண்டிஸோட ராட்சசக் கழுகு காண்டார் பறக்குதுன்னு டிரைவர் கத்தறார், நான் கண்ணை மூடிப் படுத்திருக்கேன். அந்த நாளை நினைச்சா இன்னைக்கும் மனசு ஆறல. அதனால தான் இந்த வழிகாட்டி முழுக்க உயரக் கணக்கை வெச்சே எழுதறேன்.

ஏன் ஈக்வடார்

பெரு, கொலம்பியா ரெண்டும் பறவைல இன்னும் பெரிய நாடுங்க தான், மறுக்கல. ஆனா 10 நாள் லீவ் தான் இருக்குன்னா ஈக்வடார் தான். தமிழ்நாட்டைப் போல ரெண்டு மடங்கு தான் பரப்பளவு, அதுக்குள்ள 1,600 வகைக்கு மேல பறவை, ஹம்மிங்பேர்ட் மட்டும் கிட்டத்தட்ட 130 வகை. தலைநகர் கீட்டோ இருக்கறதே 2,850 மீட்டர் உயரத்துல. அங்கேர்ந்து மேற்கால இறங்கினா பசிபிக் பக்கத்து மழைக்காடு, கிழக்கால மலையைத் தாண்டி இறங்கினா அமேசான் பக்கத்து சரிவு, ரெண்டுக்கும் கார்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம் போதும். நடுவுல நிக்கற மலைத்தொடர் மதில் மாதிரி, மேற்குப் பக்கத்துப் பறவை பலதும் கிழக்குக்கு வராது, அங்கருந்தும் பலது இங்க வராது. ஒரே உயரம் தான், ஒரே மாதிரி மேகக் காடு தான், ஆனா பெரிய அலகு வெச்ச மலை டூக்கான் பறவை மேற்குல பாக்கறது வேற, கிழக்குல பாக்கறது வேற. அதனால ரெண்டு சரிவையும் சேத்து தான் பிளான் போடணும், ஒண்ணை மட்டும் பாத்துட்டு வந்தா பாதி நாட்டை விட்டுட்டு வந்த மாதிரி.

எப்ப போறது

நிலநடுக்கோடு நாட்டு வழியாவே போகுது, அதனால வருஷம் முழுக்க காலைல ஆறு மணி வாக்குல விடியும், சாயங்காலம் ஆறரைக்குள்ள இருட்டிடும், கோடை குளிர்காலம்னு நாம சொல்ற அர்த்தத்துல எதுவும் கிடையாது. மழை தான் கணக்கு. மேற்குச் சரிவுல ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழை கம்மி, ஆனா அதே ஜூன் ஜூலைல கிழக்குச் சரிவு நல்லா நனையும். ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னா நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் எனக்குப் பிடிக்கும், மத்தியானம் மழை வரும், காலை நேரம் பெரும்பாலும் நமக்குக் கிடைச்சிடும். பனிமூட்டத்துக்கு மட்டும் எந்த மாசமும் உத்தரவாதம் இல்ல, மேகக் காடுன்னு பேர் வந்ததே அதனால தான், கடல்லேர்ந்து வர்ற ஈரக் காத்து மலையில மோதி மேல ஏறி குளிர்ந்து மரத்துமேலயே தங்கிடுது. வெயில் பளிச்சுனு அடிக்கிற நாளை விட லேசா மேகம் மூடின நாள்ல தான் பறவை அதிக நேரம் வெளிய நடமாடும், அதனால மேகத்தைப் பாத்து சோர்ந்து போகாதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி

நம்ம ஊர்லேர்ந்து நேரா ஃப்ளைட் கிடையாது. ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் மாதிரி ஐரோப்பிய ஊர் வழியா போறது தான் சுலபம். அமெரிக்கா வழியா டிக்கெட் சில நேரம் மலிவா தெரியும், ஆனா ஏர்போர்ட்ல மாறிப் போறதுக்கே அமெரிக்க விசா வேணும், ஐரோப்பாலயும் சில நாட்டுல இந்திய பாஸ்போர்ட்டுக்கு ட்ரான்சிட் விசா கேப்பாங்க. ஈக்வடார் விசா விதியும் மாறிட்டே இருக்கு. மூணையும் தூதரக இணையதளத்துல பாத்து முடிவு பண்ணிட்டு அப்புறமா டிக்கெட் போடுங்க. 2024லேர்ந்து நாட்டுல சில மாகாணங்கள்ல சட்டம் ஒழுங்கு பிரச்சனையும் இருக்கு, பெரும்பாலும் கடலோரப் பக்கம், இருந்தாலும் கிளம்பற வாரம் நிலவரத்தைக் கேட்டுக்கோங்க.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி, இதை நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஈக்வடார் போறதுக்கு மட்டும் இல்ல, திரும்பி இந்தியாவுக்குள்ள வரும்போது தான் இது ரொம்ப முக்கியம். மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாட்டுலேர்ந்து வர்றவங்க கிட்ட நம்ம ஏர்போர்ட்ல அந்த கார்டைக் கேப்பாங்க, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா தங்க வெச்சிடலாம். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க. போட்டு 10 நாள் கழிச்சு தான் செல்லும், அதனால கடைசி வாரத்துக்குத் தள்ளாதீங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். அதே சமயம் டாக்டர் கிட்ட உயரத்துக்கான மாத்திரை நமக்கு ஒத்துக்குமான்னும் கேட்டுடுங்க, பிபி, சர்க்கரை, இதயப் பிரச்சனை இருக்கறவங்க கண்டிப்பா கேக்கணும்.

பணம் விஷயம் எளிது. 2000லேர்ந்து அங்க அமெரிக்க டாலர் தான் புழக்கத்துல இருக்கு. ஆனா 50, 100 நோட்டை கிராமத்துக் கடைல வாங்க மாட்டாங்க, 20, 10, 5 நோட்டா மாத்தி எடுத்துட்டுப் போங்க. ஒரு டாலர் காசும் நிறைய புழங்கும்.

பைல என்ன

8x42 பைனாகுலர், அதாவது 8 மடங்கு பெருசா காட்டறது. 10 மடங்கு வேண்டாம், மேகக் காட்டுல வெளிச்சம் கம்மி, பறவை கிட்டத்துலயே கிளைக்கு கிளை தாவும், அகலமா தெரியறது தான் உதவும். லென்ஸ் துடைக்கிற துணி நாலு, அஞ்சு வேணும், ஈரத்துல ஒண்ணு அரை மணி நேரம் தான் தாங்கும். கேமரா பைக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. பறவையை அடையாளம் காட்டற மெர்லின் ஆப்ல ஈக்வடார் தொகுப்பை ஊர்லயே டவுன்லோட் பண்ணிடுங்க, காட்டுல சிக்னல் வராது. மழை கோட், கம்பளி தொப்பி, கையுறை, சன்ஸ்கிரீன் எல்லாமே ஒரே பைல இருக்கணும், ஏன்னா நிலநடுக்கோட்டு வெயிலும் 4,000 மீட்டர் குளிரும் ஒரே நாள்ல வரும். சேத்துல நடக்க ரப்பர் பூட்ஸை நிறைய லாட்ஜ்ல அவங்களே தருவாங்க, உங்க கால் சைஸ் இருக்கான்னு மட்டும் முன்னாடியே மெயில்ல கேட்டுக்கோங்க.

சைவம் சாப்பிடறவங்களுக்கு ஒரு வரி ஸ்பானிஷ்: சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ. கறி இல்லாம, கோழி இல்லாம, மீன் இல்லாம. வெறுமனே கறி வேண்டாம்னு சொன்னா கோழி வந்து நிக்கும். லோக்ரோன்னு ஒரு உருளைக்கிழங்கு சூப், மேல சீஸும் அவகாடோவும் போட்டு சுடச்சுட தருவாங்க, அந்தக் குளிருக்கு அமிர்தம்.

நாள் 1: இறங்கி தூங்குங்க

ஏர்போர்ட் கீட்டோ நகரத்துக்குள்ள இல்ல, தபபேலான்னு ஒரு இடத்துல, நகரத்தை விட ஒரு 400 மீட்டர் கீழ இருக்கு. அங்கயே பக்கத்துல தங்குங்க, நகரத்துக்குப் போகாதீங்க. தண்ணி நிறைய குடிங்க, மது வேண்டாம், ராத்திரி கம்மியா சாப்பிடுங்க.

நாள் 2, 3: தண்டயாபா பள்ளத்தாக்கு

காலைல மேற்கால இறங்கிடுங்க. பெயாவிஸ்டா மேகக் காட்டு ரிசர்வ் 2,200 மீட்டர் உயரத்துல இருக்கு, இங்க ரெண்டு ராத்திரி. உடம்பு பழகறதுக்கும் சரி, கண்ணு பழகறதுக்கும் சரி, இதை விட நல்ல இடம் இல்ல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ராத்திரி விளக்கு எரிஞ்ச இடத்துக்குப் போய் நில்லுங்க. வெளிச்சத்துக்கு வந்து ஒட்டிக்கிட்டிருக்கற அந்துப்பூச்சியைத் தின்ன பறவைங்க வரிசையா வரும், காட்டுக்குள்ள தேடி அலைஞ்சாலும் சுலபத்துல காட்டாத முகத்தை அங்க பத்தடி தூரத்துல காட்டும். மலை டூக்கானும் இங்க தான் பாக்கணும், அலகு பக்கத்துல மஞ்சள் தட்டு ஒட்டின மாதிரி இருக்கும், மார்பு நீலச்சாம்பல், மேற்குச் சரிவை விட்டு வெளிய எங்கயும் இல்லாத பறவை.

ராத்திரி வாழைப்பழம் வெச்சிருக்கற இடத்துல ஒலிங்கீட்டோன்னு ஒரு சின்ன மிருகம் வருதான்னு காத்திருந்து பாருங்க. பூனைக்கும் கரடிக்குட்டிக்கும் நடுவுல ஒரு முகம். இது தனி இனம்னு விஞ்ஞானிகள் அறிவிச்சதே 2013ல தான், அது வரைக்கும் மியூசியத்துல தோலா வேற பேர்ல கிடந்துச்சு.

இங்க கத்துக்க வேண்டிய முக்கியமான பாடம் கலப்புக் கூட்டம். அரை மணி நேரம் காடு செத்த மாதிரி இருக்கும், இலை கூட அசையாது. திடீர்னு ஒரு சின்ன சத்தம், அப்புறம் உச்சில டானஜர்னு கலர் கலரா சின்னப் பறவைங்க, நடுவுல மரப்பட்டையைக் கொத்தறது, கீழ புதர்ல இன்னொண்ணுன்னு இருவது வகை ஒண்ணா சேந்து உங்க தலைக்கு மேல போகும், அஞ்சு நிமிஷத்துல தாண்டிடும். அப்ப புக்கைத் திறக்காதீங்க, கேமராவையும் எடுக்காதீங்க, ஒரு பறவையைப் பிடிச்சு நிறம், அலகு, எந்த உயரத்துல மேயுதுன்னு மூணை மட்டும் மனசுல பதிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. பேர் அப்புறம் கண்டுபிடிச்சுக்கலாம்.

நாள் 4: மரியா வர்ற தோட்டம்

இந்த டூர்ல ஒரே ஒரு நாள் தான் போக முடியும்னா நான் இங்க தான் போவேன். ரெஃபூஹியோ பாஸ் தே லாஸ் ஆவெஸ். ஆங்ஹெல் பாஸ்னு ஒரு விவசாயி, மரம் வெட்டியும் பயிர் வெச்சும் பிழைச்ச குடும்பம். அவர் நிலத்துல சிவப்பு நிற காக் ஆஃப் த ராக் பறவைங்க கூடி ஆடற இடம் இருந்துச்சு, அதைப் பாக்க ஆள் வர ஆரம்பிச்சாங்க, அவங்களுக்காக பாதை வெட்டும்போது பெரிய ஆன்ட்பிட்டாங்கற தரைப்பறவை ஒண்ணு பாதைக்கு வந்து புழு தின்னறதை கவனிச்சார். பொறுமையா புழு போட்டுப் போட்டுப் பழக்கினார், மரியான்னு பேர் வெச்சார். அதுக்கு முன்னாடி பெரிய பெரிய பறவை ஆர்வலர்கள் கூட குரலை மட்டும் கேட்டுட்டு திரும்பின பறவை அது. நம்ம ஊர் ஆறுமணிக்குருவி பிட்டா குடும்பம், இந்த ஆன்ட்பிட்டாவுக்கும் அதுக்கும் நெருங்கின சொந்தம் எதுவும் இல்ல, ஆனா அதே மாதிரி தரையில நடந்து, இருட்டுல ஒளிஞ்சு, குட்டை வாலோட நீளக் காலோட திரியும்.

காலைல நாலு நாலரைக்கு கிளம்பணும். இருட்டுல டார்ச் அடிச்சு செங்குத்தா இறங்கி ஒரு மறைவுக்குள்ள உக்காரணும். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே ஆண் காக் ஆஃப் த ராக் எல்லாம் கத்த ஆரம்பிச்சிடும், பன்னி உறுமற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மெல்ல மெல்ல வெளிச்சம் வர வர இருட்டுக்குள்ள சிவப்பு கங்கு ஒண்ணொண்ணா தெரியும். பறவை எல்லாம் ஓய்ஞ்சதும் பாதைல நடக்க வைப்பாங்க. புதர் முன்னாடி நின்னு "மரியா, வெங்கா வெங்கா"ன்னு கூப்பிடறாங்க, வா வான்னு. நாங்க மூச்சைப் பிடிச்சு நின்னோம். இலைக்கு நடுவுலேர்ந்து முதல்ல சாம்பல் நிறக் கால் ஒண்ணு வெளிய வந்துச்சு, அப்படியே நின்னுடுச்சு, ஒரு நிமிஷம் இருக்கும், அப்புறம் செம்பழுப்பு மார்புல கறுப்புக் கோடு கோடா இருக்கற முழு உருவம் ரெண்டு தத்து தத்தி வெளிய வந்து புழுவை ஒவ்வொண்ணா அலகுல அடுக்கி வாய் நிறைய எடுத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு. குஞ்சுக்குக் கொண்டு போகுதுன்னு சொன்னாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, சொல்றதுல வெக்கம் இல்ல. ஷகீரான்னு இன்னொரு சின்ன ஆன்ட்பிட்டா இருக்கு, உடம்பை ஆட்டி ஆட்டி நிக்கும், அதனால அந்தப் பேர்.

அப்புறம் அவங்க வீட்டுலயே காலைச் சாப்பாடு, பச்சை வாழைக்காயை மசிச்சு உருட்டின போலோன். ரெண்டு வேணும்னு கேளுங்க, நடந்த நடைக்கு ஒண்ணு பத்தாது. காசு நேரா அந்தக் குடும்பத்துக்குப் போகுது, அந்தக் காசு தான் அந்தக் காட்டை நிக்க வெச்சிருக்கு.

நாள் 5: மின்டோ, மில்பே

மின்டோ 1,250 மீட்டர், சூடா இருக்கும், உடம்புக்கு சுகம். பக்கத்துல மில்பே ரிசர்வ் இன்னும் கொஞ்சம் கீழ. இங்க வர்றதே கிளப் விங்டு மானகினுக்காக. சிட்டுக்குருவி அளவு கூட இல்லாத பறவை, தொண்டையால பாடறதில்ல, சிறகால பாடுது. ரெண்டு சிறகையும் முதுகுக்கு மேல தூக்கி, ஒரு இறகோட நுனியை பக்கத்து இறகோட வரிவரியான தண்டு மேல உரசுது, நொடிக்கு 100 தடவைக்கு மேல. 2005ல தான் இதை வேகக் கேமரால படம் பிடிச்சு நிரூபிச்சாங்க. காதுக்கு அது ஒரு சின்ன எலக்ட்ரிக் வயலின் மாதிரி டிக் டிக் டீங்னு கேக்கும். முதல்ல சத்தத்தைப் பிடிங்க, அப்புறம் கண்ணு தானா கிளைக்குப் போகும்.

நாள் 6: யானகோச்சா

இப்ப உடம்பு பழகியிருக்கும், மேல ஏறலாம். பிச்சின்சா எரிமலையோட வடக்குச் சரிவுல 3,500 மீட்டர் வாக்குல ஜோகோடோகோ ஃபவுண்டேஷன் 2001ல வாங்கிப் பாதுகாக்கற ரிசர்வ். 1997ல தெற்கு ஈக்வடார்ல அது வரைக்கும் யாருக்கும் தெரியாத ஒரு ஆன்ட்பிட்டாவைக் கண்டுபிடிச்சாங்க, அதைக் காப்பாத்த மறு வருஷம் ஆரம்பிச்ச அமைப்பு, அந்தப் பறவையோட பேரையே வெச்சுக்கிட்டாங்க. யானகோச்சாவை வாங்கினது கறுப்பு மார்பு பஃப்லெக்னு ஒரு ஹம்மிங்பேர்டுக்காக. காலைச் சுத்தி வெள்ளைப் பஞ்சு கட்டின மாதிரி இருக்கும், அதைப் பாக்கறது பெரிய அதிர்ஷ்டம், எனக்கு இன்னும் கிடைக்கல.

பழைய தண்ணிக் குழாய் ஓரமா சமதரையா ஒரு பாதை போகுது, அந்த உயரத்துல ஏத்தம் இல்லாத பாதை கிடைக்கறது பெரிய வரம். பாதையில தேன்தண்ணி வெச்சிருக்கற இடத்துல வாள் அலகு ஹம்மிங்பேர்ட் வரும். வால் நீங்கலா மத்த உடம்பை விட அலகு நீளம், உலகத்துல வேற எந்தப் பறவைக்கும் இப்படி கிடையாது. நீளக் குழாய் மாதிரி தொங்கற பூவுக்குள்ள அடி வரைக்கும் நாக்கை விட இந்த அலகு. கிளைல உக்காரும்போது கவனிங்க, அலகை வானத்தைப் பாத்து தூக்கியே வெச்சிருக்கும். அந்த நீளத்தை வெச்சு தன் இறகைக் கோத முடியாது, அதனால காலால தான் சொறிஞ்சு சுத்தம் பண்ணும். நான் முக்கால் மணி நேரம் அந்த ஒரே பறவையைப் பாத்துட்டு நின்னேன், கூட வந்தவங்க ஒன்பது வகை கூடுதலா எழுதிக்கிட்டாங்க, எனக்கு அதுல குறையே இல்ல.

நாள் 7, 8, 9: கிழக்குச் சரிவு

தபபேலாலேர்ந்து கிழக்கால ஏறினா பாப்பயக்தா கணவாய், 4,000 மீட்டர். இங்க ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்காதீங்க, மெல்ல நடங்க, பேச்சைக் குறைங்க. சிவப்புப் பட்டை காகிதம் காகிதமா உரியற பாலிலெபிஸ் மரம் இருக்கற இடத்துல ஜெயன்ட் கோன்பில்னு ஒரு பறவை அந்தக் காகிதத்துக்கு அடில பூச்சி தேடும். உரியற சத்தத்தை வெச்சே கண்டுபிடிக்கலாம். அப்படியே இறங்கினா குவாங்கோ லாட்ஜ், 2,700 மீட்டர், ஒரு ராத்திரி. பின்னாடி ஆத்துல சாயங்காலம் டாரன்ட் டக் தேடுங்க, நுரை பொங்கற தண்ணில பாறைக்குப் பாறை எதிர்நீச்சல் போடற வாத்து. ஆத்தோரமா மெல்ல போங்க, நீங்க பாக்கறதுக்கு முன்னாடி அது உங்களைப் பாத்துடும்.

அடுத்த ராத்திரி கொசாங்கா பக்கத்துல சான் இசித்ரோ, 2,000 மீட்டர். அங்க ஒரு ஆந்தை இருக்கு, தாழ்நிலத்து ஆந்தை ஒண்ணோட சாயலும் இன்னொண்ணோட சாயலும் கலந்து நிக்குது, எந்த இனம்னு ரொம்ப நாள் விவாதம் நடந்துச்சு. ராத்திரி சாப்பாட்டு நேரத்துல விளக்குக் கம்பம் பக்கத்துலயே சில நாள் உக்காந்திருக்கும், ஸ்பூனை வெச்சுட்டு ஓடத் தயாரா இருங்க. ஒன்பதாம் நாள் காலை நேரத்தை அங்கயே கழிச்சிட்டு மத்தியானம் தபபேலா திரும்பிடுங்க. வழியில பாப்பயக்தா வெந்நீர் ஊத்துல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வரலாம், முட்டி வலி எல்லாம் போயிடும்.

வழிகாட்டி, பழக்கவழக்கம்

லோக்கல் கைடு ஒருத்தரை முழு டூருக்கும் வெச்சுக்கோங்க, அந்த ஊர்க்காரரா இருந்தா இன்னும் நல்லது. குரலைக் கேட்டே பாதிப் பறவையை சொல்லிடுவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, எனக்கு லிஸ்ட் முக்கியம் இல்ல, ஒவ்வொண்ணையும் நின்னு பாக்கணும்னு. இல்லன்னா அவங்க நம்மள திருப்திப்படுத்த ஓட ஆரம்பிப்பாங்க. ரெக்கார்டிங் போட்டு பறவையைக் கூப்பிடறதை நீங்களா கேக்காதீங்க. தன் எல்லைக்குள்ள எதிரி வந்துட்டான்னு நினைச்சு தான் அது வெளிய வருது, கூடு இருக்கற நேரத்துல அது பெரிய தொந்தரவு. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

நாள் 10: அன்டிசானா

கடைசி நாளுக்கு இதை வெச்சிருக்கறது வேணும்னே தான், இப்ப 4,000 மீட்டர் உங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. மரமே இல்லாத புல்வெளி, பாராமோன்னு சொல்வாங்க, பஞ்சு மாதிரி தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கிட்டு மெல்ல மெல்ல விடற மண்ணு, கீட்டோ நகரம் குடிக்கற தண்ணில ஒரு பங்கு இங்க லா மிகா ஏரிலேர்ந்து தான் போகுது. மேகம் விலகினா 5,700 மீட்டருக்கு மேல பனி மூடின அன்டிசானா சிகரம். போற வழியில பாறைச்சுவர் ஒண்ணு வரும், அதுல காண்டார் தங்கும், எச்சம் வழிஞ்ச வெள்ளைக் கோடுகளைத் தேடிப் பிடிச்சு அதுக்கு மேல பைனாகுலரை வைங்க. 2018ல எடுத்த கணக்குல நாடு முழுக்க சுமார் 150 காண்டார் தான். ரெக்கை விரிச்சா மூணு மீட்டர், ரெக்கையை ஒரு தடவை கூட அடிக்காம நம்ம தலைக்கு மேல கடந்து போகும், நுனி இறகு விரல் விரலா பிரிஞ்சு தெரியும். ரெண்டாவது தடவை போனப்ப தான் எனக்கு அது கிடைச்சுது. வண்டியை விட்டு இறங்கி, தலைவலி எதுவும் இல்லாம, நின்ன இடத்துல நின்னு அது பள்ளத்தாக்கைத் தாண்டி மறையற வரைக்கும் பாத்தேன்.

ஆரஞ்சு நிறப் பூ பூக்கற முள்ளுச்செடி சுக்கிராகுவா அங்கங்க இருக்கும், அது பக்கத்துல பத்து நிமிஷம் நில்லுங்க, ஊதாத் தலையோட ஹில்ஸ்டார் ஹம்மிங்பேர்ட் வந்து அந்த முள்ளு மேலயே உக்காந்து தேன் குடிக்கும். அந்தக் குளிர்ல பறந்துக்கிட்டே குடிச்சா சத்து வீணாகும்னு தான் உக்காருது. ராத்திரி உடம்பு சூட்டைக் குறைச்சுக்கிட்டு கிட்டத்தட்ட மயக்கத்துல கிடந்து விடிஞ்சதும் திரும்ப எழுந்து பறக்குது.

மத்தியானத்துக்குள்ள இறங்கிடுங்க, அப்புறம் மேகம் மூடிடும். ராத்திரி ஃப்ளைட்னா ஏர்போர்ட் ஒண்ணரை மணி நேரம் தான். பூட்ஸ்ல ஒட்டின மண்ணை நல்லா கழுவிட்டு பெட்டில வைங்க, மஞ்சள் காய்ச்சல் கார்டை மட்டும் பெட்டில போடாதீங்க, பாஸ்போர்ட் கூடவே கைல இருக்கட்டும்.